மேலேறிய ரோமக் கால்வாய்

அருள்புரம் பக்கத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தண்ணீர் தரையிலிருந்து மாடிக்குத் தானாக ஏறத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை இடைவேளைக்குச் சற்று முன்பு. மோட்டார் கருகி ஏழு வாரம் ஆகியிருந்ததால், அதைச் சந்தேகப்பட வழியில்லை.

காரணம் ரோமாபுரிதான். எட்டாம் வகுப்பு நிர்மலா டீச்சருக்குப் பாடத்தை வாயால் மட்டும் நடத்தினால் சோறு இறங்காது. பனியன் துணியில் ரோமானிய அங்கி சுற்ற வைத்தார், களிமண்ணில் காசு அடிக்க வைத்தார். அடுத்து, வளைவுகளின் மேல் ரோமானியர் தண்ணீர் கொண்டுபோன கால்வாய். நூல் தீர்ந்த அட்டைக் கோன்களை வெட்டி, மேலே பாலிதீன் கவர் ஒட்டி, மாதிரிக்கு நான்கு வளைவுகளை அவரே செய்து கொடுத்தார். அவசரத்தில் ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு விரற்கடை உயர்ந்துவிட்டது. வேறு ஊர்ப் பிள்ளைகள் ஆளுக்கொரு விதமாகச் செய்து தொலைத்திருப்பார்கள். இவர்கள் பனியன் கம்பெனிக்காரர்கள் பெற்ற பிள்ளைகள். சாம்பிளில் ஓட்டை இருந்தால் ஓட்டையோடுதான் தைக்க வேண்டும் என்பது ரத்தத்திலேயே ஊறியது. டேப் பிடித்து அளந்து, விரற்கடை விரற்கடையாக உயர்த்தி, கீழ்த்தொட்டியிலிருந்து படிக்கட்டு ஓரமாகவே நூற்றெண்பது வளைவுகளை மாடியில் பெண் பிள்ளைகளின் கழிப்பறை வரை கொண்டுபோய்விட்டார்கள்.

டேப் பிடித்தவள் அஃப்ஷீன். அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட அவளுடைய தகப்பனார் அப்துல் ரவூப் அன்று காலைதான் வந்து உட்கார்ந்திருந்தார். பாவம், அவருக்கும் மனசில்லை.

“வயசுப் புள்ளைங்க டீச்சர். கக்கூஸ்ல தண்ணியில்லாம, கொண்டுபோற பாட்டிலக்கூட குடிக்காம, சாயங்காலம் வரைக்கும் அடக்கிட்டு உக்காந்திருக்குது. ரெண்டு தடவ காய்ச்சல் வந்துருச்சு. டி.சி.ய குடுத்துருங்க.”

அப்போதுதான் தண்ணீர் படியேறிப் போனது. அவசரமே இல்லாமல், வேலைக்குப் போகிறவரைப் போல.

நிர்மலா டீச்சருக்கு முதலில் வந்தது வெட்கம். ரோமானியரின் தண்ணீர் இறங்கித்தான் ஓடியது. தப்பு தன்னுடையது. தப்பாகச் சொல்லிக்கொடுத்ததைத் திருத்தாமல் விடுவது எப்படி? குனிந்து முதல் வளைவை அழுத்தப் போனார்.

“வேண்டாங்க டீச்சர்,” என்றாள் அஃப்ஷீன். “சாம்பிள்ல கை வெக்காதீங்க.”

இருபது வருடமாகத் திருத்தியே பழகிய கை அது. எடுக்கச் சற்று நேரம் பிடித்தது.

அப்துல் ரவூப் மாடியேறி, நிரம்பிய வாளியில் விரலை நனைத்துப் பார்த்தார். “நாளைக்கும் வருங்களா டீச்சர்?”

“வருமுங்க,” என்றார் அவர், எந்த ஆதாரமும் இல்லாமல்.

வந்தது. பரீட்சையில் எல்லோரும் ரோமில் தண்ணீர் சரிவில் இறங்கி ஓடியது என்று சரியாகவே எழுதி முழு மதிப்பெண் வாங்கினார்கள். அடுத்த ஆண்டு புது மோட்டார் வந்தது, யாரும் அதைப் போடுவதில்லை. அஃப்ஷீன் இப்போது பத்தாம் வகுப்பு. பெண் பிள்ளைகள் கொண்டுவரும் தண்ணீர் பாட்டில்கள் மாலையில் காலியாகவே வீடு திரும்புகின்றன.