எழுபத்திரண்டு கிராம் தம்பி

ஸ்கேன் என்ற சொல் காதில் விழுந்தால் போதும், என் தம்பி ஆளே இருக்க மாட்டான். இரண்டு வருடமாக எனக்கு டிமிக்கி கொடுத்தான்.

அம்மாவின் மூளையில் சில ரத்தக் குழாய்கள் கொத்துக் கொத்தாகப் புடைத்திருந்தன. இரண்டு வருடம் முன்பு அவற்றில் ஒன்று கசிந்து, வலிப்பு வந்து, சமையலறையிலேயே விழுந்துவிட்டாள். பரம்பரைக் கோளாறு, பிள்ளைகளுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்றார் டாக்டர். நான் வீம்புக்கென்றே இந்தக் கோளாறுக்கான ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அம்மாவுக்குக் கெட்டிருக்கும் அதே மரபணு கெட்ட சுண்டெலிகளை வளர்ப்பேன், அவற்றின் மூளையைப் படம் எடுப்பேன், ஒவ்வொன்றுக்கும் படிவம் நிரப்புவேன். வீட்டில் எனக்குப் பெயர் எலி டாக்டர். பட்டமெல்லாம் கிடையாது, வாய் மட்டும் உண்டு.

"எலி கூட நாப்பது நிமிஷம் ஆடாம படுத்திருக்குடா. உனக்கென்ன கேடு?"

"அதுக்கு மயக்க மருந்து குடுக்கிற. எனக்கு வெறும் திட்டுதானே குடுக்கிற?"

போன வாரம் அவனுக்கு மூன்று நாள் விடாமல் தலைவலி. துரை தானாகவே வழிக்கு வந்தார்.

மருத்துவமனையில் படிவத்தை நீட்டினார்கள். "குடுடா இங்க, நான் தினம் படிவம் நிரப்புறவ," என்று பிடுங்கி, கடகடவென்று எழுதிக் கொடுத்தேன்.

பதிவு மேசைப் பெண் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தாள். "வயசு ஆயிரத்து நானூத்தி ஐம்பத்தாறா?"

"அது வாரக் கணக்கு," என்றேன். எலிக்கு எழுதுவது போலவே எழுதியிருக்கிறேன் என்று சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

"எடை எழுபத்திரண்டு கிராம்?"

தம்பி என்னை முறைத்தான். அவள் குறிப்பு என்ற கட்டத்துக்கு வந்தாள். வாய்விட்டுப் படிக்காமல் தாளை அவன் பக்கம் திருப்பினாள். என் கையெழுத்தில் இருந்தது: 'படம் முடிந்ததும் மூளையைத் தனியாக எடுத்து வைக்கவும்.'

"அடிப்பாவி!"

காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

"கைப்பழக்கம்டா," என்றேன்.

"எத்தனை எலிக்கு இப்படி எடுத்திருக்க?"

"நானூறு இருக்கும்."

"சரி. உன் தலையைப் படம் எடுத்துப் பாத்தியாக்கா?"

இரண்டு வருடத்தில் என் தலை ஒன்றுதான் பாக்கி. பார்க்காத வரைக்கும் இல்லை என்றே வைத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பயம். அவனைவிடப் பெரிய பயம். அதை மறைக்கத்தான் அவனை அந்த விரட்டு விரட்டினேன்.

"இல்லடா," என்றேன்.

அந்தப் பெண் இன்னொரு படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். பேனாவை எடுத்தேன். மூடியைக் கழற்றினேன், திரும்ப மாட்டினேன். தம்பி பேனாவை வாங்கிக்கொண்டான். வயதை வாரமாக்க விரல் விட்டு எண்ணினான். எடை அறுபத்தெட்டு கிராம் என்று எழுதினான்.

"நாலு கிராம் குறைச்சிருக்கேன். சந்தோஷமா இரு."

குறிப்புக் கட்டத்துக்கு வந்தான். அதில் எழுதினான்: 'படம் முடிந்ததும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பவும். அங்கே இவள் தேவை.'

அந்தப் பெண் சிவப்புப் பேனாவால் வயதை அடித்தாள், எடையை அடித்தாள். கடைசி வரியை மட்டும் அடிக்கவில்லை.