தொப்பிக்காகத் திரும்பிய படகு

மாலை கலைந்துவிடக் கூடாது என்றுதான் எலாதியோ அதை இரும்புக் கம்பி வளையத்தில் கட்டினார். தபோகா தீவில் கடலோடு போனவர்களுக்கு மாலை போட மற்றவர்கள் ஓலையை வளைத்துப் பூவைச் சுற்றுவார்கள். கடலில் விட்டால் கொஞ்ச நேரத்தில் அவிழ்ந்து போகும். எலாதியோ படகு எஞ்சின் மெக்கானிக். தன் கையால் செய்தது அப்படிச் சீக்கிரம் அவிழ்வது அவருக்குப் பிடிக்காது. காகிதப்பூவும் செம்பருத்தியும் வைத்து, தூண்டிலுக்குப் போடுகிற தங்கூசி நரம்பால் இறுக்கி முடிந்தார். ஊதா ரிப்பனில் மகன் பெயரை மனைவி தீலா எழுதினாள். அப்தியேல்.

அந்த ஒரு பெயரை எழுத அவளுக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

அப்தியேல் போன படகு கவிழ்ந்து கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. உடம்பைக் காட்டாமல் மாலை போடச் சொல்லாதீர்கள் என்றுவிட்டாள் தீலா. மாசாமாசம் கடைக்குப் போய் அவன் செல்போன் நம்பருக்கு ரீசார்ஜ் செய்துவிட்டு வருவாள். நம்பர் போய்விடக் கூடாதாம். "கடலுக்கடியில இருந்து யாருடி பேசப் போறா?" என்று எலாதியோ ஒருநாள் கத்தியே விட்டார். அடுத்த மாசமும் அவள் கடைக்குப் போனாள். ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். அவள் இப்படியே கரைந்து போய்விடுவாளோ என்ற பயம்தான் அவருக்கு.

போன வாரம் அவளாகவே சொன்னாள்: "கடைக்குப் போகல. கார்மென் மாதா திருநாளுக்கு மாலை போட்டுடலாம்."

அன்றைக்கு அவள் விடியும்வரை தூங்கினாள்.

பட்டணத்துக்காரர் ஒருவர் வாராவாரம் வந்து ஓட்டுகிற உல்லாசப் படகு எலாதியோவின் பராமரிப்பில் இருந்தது. திருநாளுக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். மாதா சிலை முதல் படகில் போக, ஊர்ப் படகெல்லாம் பின்னால் வரிசை கட்டித் தீவைச் சுற்றின. எலாதியோ சக்கரத்தைப் பிடித்திருந்தார். தீலா மடியில் மாலை. அவள் தம்பி தொரிபியோ முன்பக்கம் புதுத் தொப்பியும் பொரித்த வாழைக்காயுமாக உட்கார்ந்திருந்தான்.

"மச்சான், தொப்பி எப்படி? இப்ப மாதாவே திரும்பிப் பாத்தாங்க."

"உன்னையா பாத்தாங்க? ஊர்வலத்துல எவன்டா இந்தத் தீனி தின்றான்னு பாத்துருப்பாங்க."

தீலாவின் உதட்டில் சிரிப்பு வந்து போனது. எலாதியோ அதைப் பார்த்தார்.

தீவின் பின்புறம் வந்ததும் முதல் படகு ஹாரன் அடித்தது. மாலை போடும் இடம் அதுதான். போட்ட பிறகு படகைத் திருப்பக் கூடாது. திருப்பினால் போகிறவரைக் கூப்பிட்டதாக அர்த்தம். தீலா குனிந்து வளையத்தைத் தண்ணீரில் வைத்தாள். அது சாயாமல் நிற்கும்வரை ஒரு கையால் பிடித்திருந்தாள். பிறகு விரல்களை எடுத்தாள். அழவில்லை. மாலை பின்னால் போயிற்று.

அந்த நேரம் பார்த்துக் காற்று தொரிபியோவின் தொப்பியைத் தூக்கியது.

"ஐயோ! போகட்டும் மச்சான், திருப்பாத!"

எலாதியோ அதற்குள் சக்கரத்தை வளைத்துவிட்டார். "புதுத் தொப்பிடா" என்றார்.

தொப்பி இடது பக்கம் மிதந்தது. படகு வலது பக்கம் போனது. மாலை எந்தப் பக்கம் போகிறது என்று ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், அவ்வளவுதான். வெயில் கண்ணில் அடித்தது. அலை ஒன்று ஏறி மறைத்தது.

கீழே ஏதோ டக்கென்று பிடித்த மாதிரி இருந்தது. மறுகணம் படகு முழுக்க உதறியது. சக்கரம் கையில் துடித்தது. பல்லோடு பல் இடித்தது. தண்ணீர் பாட்டில் தரையில் உருண்டு ஓடியது.

வேகத்தைக் குறைத்தார். உதறல் குறைந்ததே தவிர நிற்கவில்லை. கியரை எடுத்துவிட்டு எஞ்சினை மட்டும் ஓடவிட்டார். சுத்தமாக நின்றது. அப்படியானால் எஞ்சினில் கோளாறு இல்லை, அடியில் சுழல்கிற விசிறியில்தான்.

"கட்டையா இருக்கும் மச்சான். மழைக்காலம்ல, பட்டணத்து ஆத்துல வர்றதெல்லாம் இங்கதான சேருது."

"கட்டைதான்."

கட்டை என்றால் ஒரே அடி, இறக்கை வளையும், அதோடு போகும். வளைந்தே இருக்கட்டும் என்று வாழ்நாளில் முதல் தடவையாக எலாதியோ வேண்டிக்கொண்டார். சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு எஞ்சினைத் தண்ணீருக்கு மேலே தூக்கினார்.

கம்பி வளையம் மடங்கி மூன்று இறக்கைக்கும் நடுவே செருகியிருந்தது. நரம்பு தண்டில் சுற்றியிருந்தது. ரிப்பன் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது, பெயர் வெளியே தெரிய.

"தீலா, நீ முன்னால போய் உக்காரு. பின்பக்கம் கனம் கூடுது."

அவள் போனாள். அவர் முதுகால் மறைத்துக்கொண்டு குப்புறப் படுத்தார். இதை அவள் பார்த்தால் பிள்ளை போக மாட்டேன் என்கிறான் என்பாள். மறுபடி கடை, மறுபடி விழித்த ராத்திரிகள். ரிப்பனை முதலில் உருவிச் சட்டைக்குள் திணித்தார். கம்பியை இடுக்கியால் நறுக்கினார். பூவைக் கட்டிய முடிச்சுகள் கத்திக்கு வழுக்கின. அவர் போட்ட முடிச்சுகள், அவ்வளவு இறுக்கம். விசிறிக்குப் பின்னால் போன நரம்பை விட்டுவைத்தால் எண்ணெய் கசியாமல் காக்கிற ரப்பர் அடைப்பை அறுத்துவிடும், அப்புறம் கியரே போகும். நட்டு கழலாமல் செருகியிருந்த ஊசியைப் பிடுங்கி, நட்டைக் கழற்றி, கடலில் விழாமல் வாயில் கவ்விக்கொண்டு விசிறியை உருவினார். நரம்பைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தார்.

"என்ன மச்சான், கட்டைதானா?" என்று கத்தினான் தொரிபியோ.

வாயில் நட்டு. எலாதியோ தலையை மட்டும் தூக்கினார். அப்போதுதான் பார்த்தார். நறுக்க நறுக்க உதிர்ந்த பூவெல்லாம் நீரோட்டத்தில் படகை ஒட்டியே முன்பக்கம் போயிருந்தது. தீலா குனிந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குப்பைடா" என்றாள் தீலா. "பட்டணத்துக் குப்பை."

"பூ மாதிரி இருக்கேக்கா?"

"குப்பைன்னு சொல்றேன்ல. வாய மூடிட்டு வாழைக்காயத் தின்னு."

எலாதியோ மறுபடி குனிந்துகொண்டார். விசிறியை மாட்டி, நட்டை முடுக்கி, ஊசியைச் செருகினார். ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்தார். இரண்டு இறக்கை நகத்தை உரசிப் போனது. மூன்றாவது உரசவில்லை. கம்பி வளைத்துவிட்டது. அதை இங்கே நிமிர்த்த முடியாது.

மெதுவாகத்தான் திரும்ப முடிந்தது. ஊர்வலம் எங்கேயோ முன்னால் போய்விட்டது. அவ்வளவு மெதுவாகப் போயும் சக்கரம் கையில் நடுங்கிக்கொண்டே வந்தது. தீலா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தம்பிக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"தொப்பி அந்தப் பக்கம் போச்சு. நீங்க இந்தப் பக்கம் திருப்புனீங்க."

அவர் வேகத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தார்.

"நான் விட்டுட்டேங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவர் தோளில் ஒட்டியிருந்த காகிதப்பூ இதழை எடுத்துத் தண்ணீரில் போட்டாள்.

கரையில் அவளும் தம்பியும் கோயிலுக்கு நடந்தார்கள். படகைக் கட்டிவிட்டு வருகிறேன் என்றார் எலாதியோ. கட்டினார். கயிறு சரியாக இருந்தும் இன்னொரு முறை அவிழ்த்துக் கட்டினார். பிறகு கடைக்கு நடந்தார்.

"என்ன மாமா, திருநாள் அன்னிக்கும் கையெல்லாம் கிரீசு?" என்றாள் கடைப் பெண் யாரிட்சா. "என்ன வேணும்?"

அவர் ஒரு செல்போன் நம்பரைச் சொன்னார். சீட்டைப் பார்க்காமல், தடுமாறாமல், கடைசி எண்வரை.

அவள் பாதி அழுத்திவிட்டு நிமிர்ந்தாள். "அத்தை இனிமே போட வேணாம்னு சொன்னாங்களே மாமா."

சட்டைக்குள் ரிப்பன் ஈரமாக வயிற்றில் ஒட்டியது.

"அவளுக்கு இல்லம்மா" என்றார். "எனக்கு. போடு."