ஒரு கோடிப் பேர் வாங்கிய அடி

1999-ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில், பூசான் நகரத்து நாம்போதோங் திரையரங்கில் சாயங்காலக் காட்சி பார்த்துவிட்டு வெளியே வந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் இடது கன்னம் நீலம் பாரித்திருந்தது. எதிரே இருந்த மருந்துக்கடைக்காரர் களிம்பு கொடுத்துக் கொடுத்து ஓய்ந்து, மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுத் தானும் அந்தப் படத்துக்குப் போய், கன்னத்தைத் தடவிக்கொண்டே திரும்பினார். திரையில் அந்த அடியை வாங்கியவர் மேங் சில்போக். அடியாள் வேடம், வசனம் கிடையாது, பெயர்ப் பட்டியலில் கடைசி வரி. இயக்குநர் பியோ கிஹூனுக்கு அப்போது இருபத்தாறு வயது. வெட்டி வெட்டி எடுக்க அவரிடம் ஃபிலிம் இல்லாததால், சகதியில் விழுந்த சில்போக்கின் முகத்தின் மேலேயே பதினோரு நொடி கேமராவை நிறுத்தி வைத்தார். அந்த ஆள் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்ப்பதை எங்கள் ஊர் மூச்சுவிடாமல் பார்த்தது. ஷூட்டிங்கிலிருந்து அதுவரை சில்போக்கின் கன்னத்தில் இருந்த வலி, முதல் காட்சி முடிந்ததும் அவரை விட்டுப் போய்விட்டது. பார்த்தவர்கள் பங்கு போட்டு எடுத்துக்கொண்டார்கள். மூன்று நாளில் எல்லாருக்கும் ஆறிப்போனது.

அந்தக் காலத்தில் இது வழக்கம்தான். நீலக் கன்னத்தோடு வேலைக்கு வந்தவரை மேலாளர் எந்தக் காட்சி என்று மட்டும் கேட்பார். பிறகு படங்கள் பெரிதாயின. சியோலிலிருந்து மா ஜுன்தே என்ற தயாரிப்பாளர் வந்தார். படம் வெளிவருமுன் இருநூறு பேரைக் கூட்டி உட்காரவைத்து, திரையைப் பார்க்காமல் அவர்களுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். விழுந்தவன் முகம் வரும்போதெல்லாம் பாப்கார்ன் எடுத்த கை பாதி வழியில் நின்றுவிடுவதைக் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து விழுந்தவர்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கதாநாயகன் நாற்பது பேரைச் சாய்த்துவிட்டு ஒரு நக்கல் பேச்சுப் பேசுவார், அடுத்த காட்சி வந்துவிடும். மூன்று நாள் நின்ற நீலம் 2005-இல் ஒரு நாளானது, 2010-இல் பேருந்து நிறுத்தம் வரை தாங்கியது, 2017-இல் விளக்கு போடுவதற்குள் மறைந்தது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எங்களுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. விசிலடித்துவிட்டு, பசியோடு வீட்டுக்குப் போனோம்.

வலி மட்டும் எங்கும் போகாமல் சில்போக்கிடமே தங்கிவிட்டது. ஒவ்வொரு படத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாய் ஏறிய நீலம், அவருக்கு ஐம்பத்து நான்கு வயதானபோது பாதத்திலிருந்து கழுத்து வரை வந்திருந்தது. கடற்கரையில் நின்றால் கடல் எங்கே முடிகிறது, அவர் எங்கே தொடங்குகிறார் என்று சொல்ல முடியாது. கரண்டியைத் தூக்கக் கை வரவில்லை. கண்ணுக்கு ஏறிவிட்டால் பிழைக்கமாட்டார் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவர் மனைவி ஓங் சுல்லே படப்பிடிப்புக் குழுக்களுக்குச் சோறு போடும் வண்டி வைத்திருந்தார். அழுது பார்த்தார், பிறகு ஆத்திரப்பட்டார். ஒருநாள் பன்றிச்சாறும் சோறும் வாங்க வந்த பியோவைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் தம்பி, அப்பல்லாம் உங்க அண்ணன் விழுந்தா எழுந்திரிக்கிற வரைக்கும் கேமரா கூடவே இருக்கும். இப்ப விழுந்தது நாயா மனுசனான்னு பார்க்கக்கூட உனக்கு நேரமில்லையோ?"

"என் கையில என்ன அண்ணி இருக்கு? மூஞ்சியைக் காட்டினா ஜனம் பாப்கார்னைக் கீழ வச்சிடுதாம். மா சார் கத்தரியும் கையுமா உக்காந்திருக்காரு."

"அப்ப பாப்கார்ன்தான் பெருசு. சரி, சாறு ஆறுது, குடி."

பியோவால் குடிக்க முடியவில்லை. கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

படப்பிடிப்பு தொடங்குமுன் பன்றித் தலையை மேசையில் வைத்துக் கும்பிட்டு, அதன் வாயில் பணத்தாளைச் செருகி, மக்கோலி என்ற அரிசிக் கள்ளை ஊற்றிக் குடிப்பது எங்கள் சினிமாக்காரர்களின் வழக்கம். கோசா என்போம். தலை சிரித்த முகமாக இருந்தால் படம் ஓடும். சிரிக்கும் தலையாகப் பார்த்து வாங்கி அவித்துக் கொண்டுவருவது பதினைந்து வருடமாகச் சுல்லேயின் வேலை. மாவின் புதிய படத்துக்கு, ஒரு கோடிப் பேர் பார்க்கவேண்டும் என்று கணக்குப் போட்டிருந்த அந்தப் படத்துக்கு, அவர் கொண்டுவந்த தலை உதட்டை இறுக்கி மூடிக்கொண்டிருந்தது. புஜோன் சந்தையிலிருந்து அவசரமாக வேறு மூன்று தலைகள் வந்தன. கடையில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தவை, மேசைக்கு வந்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டன. கேமராமேன் மூடியைக் கழற்றமாட்டேன் என்றார். கதாநாயகன் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

"அக்கா, இது என்ன சோதனை? என் தலையில மண்ணைப் போட்டுடாதீங்க!" என்றார் மா.

"அதுக்கும் கண்ணு இருக்குல்ல சார்? யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்றீங்க?"

சுல்லே தன் கணவரைச் சக்கர நாற்காலியில் அழைத்துவந்து மேசைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். நான்கு தலைகளும் சில்போக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

"இந்தப் படத்துல இவரு ஒரே ஒரு தடவை விழுவாரு. விழுந்ததும் பதினோரு நொடி இவரு மூஞ்சியை விட்டு நகரமாட்டேன்னு இதுங்க முன்னால சொல்லுங்க."

"ஆறு நொடி."

"மீன் கடையா சார் இது? பதினொண்ணு."

மா வேறு வழியில்லாமல் மண்டியிட்டுச் சொன்னார். நான்கு வாய்களும் காது வரை விரிந்தன. எல்லாரும் மக்கோலி குடித்தார்கள்.

சில்போக்கை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து நிறுத்தினார்கள், கதாநாயகன் விரலால் தொட்டார், அவர் விழுந்தார். படம் எப்போதும்போலத்தான் இருந்தது, கார்கள் பறந்தன, நக்கல் பேச்சுக்குக் குறைவில்லை. முன்னோட்டக் காட்சியில் இருநூறு கைகளும் பாதி வழியில் நின்றபோது மா கத்தரியை எடுத்தார், பன்றிகளின் ஞாபகம் வந்ததும் வைத்துவிட்டார். கோசாவில் கொடுத்த வாக்கை மீறிய தயாரிப்பாளர் எங்கள் நாட்டில் இல்லை.

சூசோக் பண்டிகைக்கு வெளியான படம் பதினெட்டே நாளில் ஒரு கோடிப் பேரைத் தொட்டது. முந்நூறு பேர் தாங்கியிருந்தால் இருபது வருட அடி ஆளைக் கொன்றிருக்கும். கோடிப் பேருக்குப் பிரித்தபோது ஆளுக்கு ஓர் அரிசியளவு நீலம்தான் வந்தது, இடது கண்ணுக்குக் கீழே. ஜேஜு தீவில் ஆரஞ்சு பறிப்பவர்களுக்கும் இருந்தது, தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவருக்கும் இருந்தது. அவர் பவுடர் போட்டு மறைக்கவில்லை. இந்த முறை அது மறுநாளோ மூன்றாம் நாளோ போகவுமில்லை. யாரும் அதைப்பற்றிக் கேட்கவில்லை.

பத்தொன்பதாம் நாள் காலையில் சில்போக் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கரண்டியைத் தானே எடுத்துச் சாற்றை ஒரு வாய் குடித்தார்.

"உப்பு கம்மி," என்றார்.

சுல்லே கண்ணுக்குக் கீழிருந்த புள்ளியைச் சொறிந்துகொண்டே, உப்பிறால் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.