பாலம் வரை

தனியார் கம்பெனி சூப்பர்வைசர் நீட்டிய படிவத்தில் ஒரே வரிதான் இருந்தது: கண்ணிவெடிச் சோதனை முடிந்தது, சாலை பாதுகாப்பானது. கீழே மேஜர் கையெழுத்திட வேண்டும். அது இல்லாமல் கம்பெனியின் தண்ணீர் லாரி முகாம் வாசலைத் தாண்டாது. படையிடம் இப்போது சொந்தத் தண்ணீர் லாரி கிடையாது. தண்ணீர் கொண்டுபோகும் வேலை தனியாருக்குப் போய் இரண்டு வருடமாகிறது. மலை மேல் காவலில் இருக்கும் நாற்பது பேருக்கு நாளை காலை வரைதான் தண்ணீர். சோதனைக் கருவியோ பாலத்தருகே பழுதாகி நின்றுவிட்டது. சரிசெய்ய இரண்டு நாளாகும். பாலத்துக்கு அப்பால் மூன்று கிலோமீட்டர், யாரும் சோதிக்காத மண் சாலை.

“போடுங்க சார். ஒரு கையெழுத்துல என்ன குடியா முழுகிடப் போகுது?” என்றார் சூப்பர்வைசர்.

மேஜர் ஜன்னல் வழியே பார்த்தார். வெளியே டிரைவர் லாரியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். பதினொரு வருடம் அவருக்குக் கீழே இருந்தவன். ஓய்வு பெற்றுக் கம்பெனியில் சேர்ந்திருந்தான். மீசையை எடுத்து நாலு வருடமாகியும் ‘மீசை’ என்றால்தான் திரும்புவான். அவனை எத்தனை சாலைகளில் அனுப்பியிருப்போம் என்று யோசித்தார். அப்போதெல்லாம் ‘போ’ என்ற ஒரு சொல் போதும். இப்போது அவனுக்குக் கட்டளையிட முடியாது. பொய் மட்டும்தான் சொல்ல முடியும்.

அவனை உள்ளே கூப்பிட்டார். “மீசை, பாலத்துக்கு அந்தப் பக்கம் இன்னும் பாக்கலடா.”

பழக்கத்தில் விறைத்து நின்றவன் மெல்லத் தளர்ந்தான். “அப்பல்லாம் இப்படிச் சொன்னதே இல்லையே சார்,” என்று சிரித்தான். பிறகு, “சின்னவளுக்கு இப்பத்தான் பல்லு முளைக்குது. பாலம் வரைக்கும் வர்றேன்.”

‘பாலம் வரை மட்டும்’ என்று தன் கையால் சேர்த்தெழுதிக் கையெழுத்திட்டார்.

மதியம் லாரி பாலத்தில் நின்றது. பின்னால் வந்த வண்டியிலிருந்து மேஜரும் இருபது சிப்பாய்களும் இறங்கினார்கள். மலைக்கு மிச்ச தூரம் நடைதான்; சிப்பாய்கள் ஆளுக்கு இரண்டு கேன் தண்ணீர் பிடித்தார்கள்.

“கல்யாணத்துக்கு முன்னாடியே தண்ணி சுமக்க வெச்சுட்டானுங்களே,” என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

லாரிக் குழாயை மூடிய டிரைவர் மெதுவாகக் கேட்டான். “இவங்களுக்குப் படிவம் ஒண்ணும் வேணாமா சார்?”

“வேணாம். நான் சொன்னாப் போதும்.”

வரிசையில் முதலாவதாக நின்றவன் பாலத்தின் விளிம்புக்குப் போய், மேஜரைத் திரும்பிப் பார்த்தான். சிரிப்பு அடங்கியிருந்தது. மேஜர் இன்னும் ‘போ’ என்று சொல்லவில்லை. அவன் கையிலிருந்த கேன் கசிந்து, காலுக்கு ஒரு அடி முன்னால், மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது.