நமுனுகுலை உச்சியில் ஒரு விட்டுக்கொடுப்பு

1

இதைக் கட்டுரையாகத்தான் எழுத உட்கார்ந்தேன். எந்த மலை கம்பீரமானது என்பது பொருள். உயரங்களை வரிசையாக எழுதியதுமே அலுத்துவிட்டது. அடிக்கணக்கைப் பார்த்து யாரும் மலையை வியப்பதில்லை. ஆகவே, இலங்கை மலைநாட்டில் ரயில் பண்டாரவளைக்கு அப்பால் போகாத காலத்துப் பதுளைக் கடைத்தெருவில் இரண்டு பேரைக் கற்பனை செய்தேன். புடவைக்கடை ஜாபிர். எதிரே பாத்திரக்கடை வைரவநாதன்.

2

பனி மூடிய நமுனுகுலை, தவத்தில் அமர்ந்த…

(வேண்டாம். எல்லா மலையையும் இப்படித்தான் எழுதித் தொலைக்கிறோம்.)

ஜாபிருக்குப் பாவா ஆதம் மலைதான், அதாவது சிவனொளிபாதம்தான், மலை. வைரவநாதனுக்கு, கடை வாசலில் நின்றாலே தெரியும் நமுனுகுலை. கடை திறந்ததும், மூத்தவர் ஜாபிர் 'தம்பி' என்றும் வைரவநாதன் அண்ணன் முறையில் 'நானா' என்றும் தொடங்கிவிடுவார்கள்.

"ஆதம் நபி கால் வச்ச மலை தம்பி அது. ஒங்க மலையில யாரு வச்சா?"

"அதுக்கு ரயிலேறிப் போகணும் நானா. இது நம்மளத் தேடி வந்து நிக்குது."

உள்ளிருந்து ஜாபிரின் மனைவி ஸித்தி ஸுபைதா சிரிப்பார். "போகாத மலைக்கு இவ்வளவு வாயா?"

உண்மைதான். ஜாபிர் அங்கே போனதே இல்லை. அடுத்த யாத்திரைப் பருவத்தில் உன்னையும் கூட்டிப் போகிறேன் என்று மனைவியிடம் ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டிருந்தார்.

(ஸுபைதாவைச் சாகவிடாமலும் எழுதிப் பார்த்தேன். அப்போது இது வெறும் வாய்ச்சண்டையாகவே நின்றுவிட்டது.)

3

ஸுபைதா காய்ச்சலில் மௌத்தானார். அதன்பிறகு ஜாபிர் மலைப்பேச்சையே எடுக்கவில்லை. எதிர்க்கடையில் வைரவநாதனுக்குக் காலைகள் நகர மறுத்தன.

"ஒரு தடவை போய்ட்டு வாங்களேன் நானா."

"இனி யாரோட போற?"

"அப்ப நமுனுகுலைக்கு வாங்க. வானம் வெளுத்திருந்தா உச்சியிலேருந்து ஒங்க மலை தெரியுமாம்."

4

உச்சியில் எங்கும் மூடுபனி. மேற்கே ஒன்றுமே இல்லை. ஜாபிர் அந்த வெண்மையைப் பார்த்தபடியே நின்றார். பிறகு கையேந்தி, மனைவிக்காக ஓதினார். வைரவநாதனுக்குத் தாங்கவில்லை.

"ஒத்துக்கிறேன் நானா. ஒங்க மலைதான் பெருசு."

ஜாபிர் மெல்லத் திரும்பினார்.

"எனக்குப் பிச்சை போடுறீங்களா?"

"இல்ல நானா, நான்…"

"அவ இருந்தப்போ ஒருநாளாச்சும் விட்டுக்குடுத்தீங்களா? நம்ம சண்டையக் கேட்டுத்தான் அவ சிரிப்பா. எனக்கு மிச்சம் இருந்தது அதுதான். அதையும் எடுத்துட்டீங்க."

5

முதலில் எழுதிய முடிவில் பனி விலகி, தூரத்து மலை தெரிந்தது. பொய். அடித்துவிட்டேன்.

இன்னொன்றில் வைரவநாதன் மன்னிப்புக் கேட்டார். அதுவும் ஒரு விட்டுக்கொடுப்பு அல்லவா? ஜாபிரின் கோபம் கூடவே செய்தது.

இப்போது கையில் இருப்பது இவ்வளவுதான்: ஈரச் சரிவில் இறங்கும்போது ஜாபிருக்குக் கால் வழுக்குகிறது. வைரவநாதனின் தோளைப் பிடித்துக்கொள்கிறார். முகம் கொடுக்கவில்லை, ஆனால் கையையும் எடுக்கவில்லை. வைரவநாதன் ஏதோ சொல்ல வாயெடுக்கிறார்.

அது திமிரான பேச்சாக இருக்கவேண்டும். இரக்கத்தின் வாடை துளியும் கூடாது. அப்படியொரு வாக்கியத்தைத் தேடிக் களைத்துவிட்டேன். தினமும் சண்டைபோட உங்களுக்கு ஓர் ஆள் இருந்தால், அது உங்கள் வாயில்தான் இருக்கும். சீக்கிரம் சொல்லுங்கள். அந்தச் சரிவில் இரண்டு பேரையும் நெடுநேரம் நிறுத்திவைக்க என்னால் முடியாது.