கைப்பிடியின் உயரம்

பெருமாள்புரத்தில் குமரவேல் கட்டிய வீட்டுக்கு ஒப்பந்தம் பத்திரத்தாளில் எழுதிக் கையெழுத்தானது. ஜன்னல் கம்பியின் கனம் வரை அதில் உண்டு. ஓய்வுபெற்ற தாசில்தார் அல்லவா, மூச்சு விட்டாலும் நகல் எடுத்து வைக்கிற மனிதர். கீழ்ப் படுக்கையறையை ஒட்டிய குளியலறை மட்டும் அதில் இல்லை.

அதைக் கேட்டது அவர் மனைவி விஜயஸ்ரீ. முட்டுவலிக்காரி. அவர் பென்ஷன் விஷயமாகச் சென்னை போயிருந்த வாரத்தில், மேலப்பாளையத்துக் காண்டிராக்டர் அசன் மைதீனிடம் கேட்டாள்.

"கட்டிரலாம்மா. செலவு தனியா வரும். சார்ட்ட சொல்லி ஒரு தாள்ல எழுதிக்கிடுவமா?"

"அவங்கட்ட நான் சொல்லிக்கிடுதேன் அண்ணாச்சி. நமக்குள்ள என்ன எழுத்து?"

இந்தப் பக்கத்தில் ஒருவர் இப்படிச் சொன்ன பிறகு தாளை நீட்டினால், உம்மை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. அசன் மைதீன் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அவளை நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொல்லி, கை எட்டிய இடத்தில் சுவரில் பென்சிலால் கோடு போட்டார். பிடித்து எழும்பக் கம்பியை அந்தக் கோட்டில்தான் வைத்தார்.

விஜயஸ்ரீ புருஷனிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள். சென்னையிலிருந்து திரும்பிய குமரவேலும் புதுச் சுவரைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கவில்லை. கேட்டால்தானே காசு! பால் காய்ச்சிய அன்று ஒப்பந்தப் பணத்தைத் தீர்த்து, தாம்பாளத்தில் வேட்டி துண்டு வைத்து அசன் மைதீனுக்கு மரியாதையும் செய்தார். அந்தக் குளியலறையில் முதலில் குளித்ததும் குமரவேல்தான்.

கொஞ்ச நாள் கழித்து அசன் மைதீன் வந்தார்.

"குளியலறைக் கணக்கு ஒண்ணு நிக்குது சார்."

"எழுத்துல எங்க இருக்கு பாய்?"

"அம்மா கேட்டாவ."

குமரவேல் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "விஜயா, நீயா கட்டச் சொன்ன?"

அவள் அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆமாம் என்றால் அன்றிலிருந்து வீட்டில் நடக்கப்போகும் ரகளை அவளுக்குத் தெரியும்.

"இருந்தா நல்லாருக்கும்னு சும்மா சொன்னேன். கட்டச் சொல்லல."

அசன் மைதீன் அவளை நிமிர்ந்து பார்த்தார். "சரிம்மா," என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அதற்குப் பிறகு தினமும் காலையில் அந்தக் கம்பியைப் பிடிக்கும்போது அவளுக்கு உடம்பு கூசியது. பிடிக்காமல் எழவும் முடியவில்லை.

அடுத்து அசன் மைதீனின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. விஜயஸ்ரீயின் தம்பி சங்கரசுப்பிரமணியனும் வக்கீல்தான். குமரவேல் அவனைக் கூப்பிட்டு போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"எழுத்து இல்லன்னா காசு இல்லன்னு சட்டம் சொல்லல அத்தான். அவரு தர்மத்துக்குக் கட்டல, நீங்க அதுல குளிக்கிய. நியாயமான கூலி குடுத்துத்தான் ஆகணும். அக்கா கேக்கவே இல்ல, அவராக் கட்டிட்டாருன்னா வேணும்னா இழுத்துப் பாக்கலாம்."

"அதான் அவ சொல்லிட்டாளே! எழுதிக் கையெழுத்து வாங்கிருவோம்," என்று குமரவேல் சிரித்தார்.

வாயால் சொன்ன பொய்யே தொண்டையில் நிற்கிறது, இதற்குக் கையெழுத்து வேறா? விஜயஸ்ரீ போனைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"இங்கன வாங்க."

குளியலறைக்குள் கூட்டிப்போனாள். "இந்தக் கம்பியப் பிடிங்க." ஆறடி மனிதர் குனிந்து பிடித்தார்.

"ஒங்களுக்குக் குனியணும். எனக்குக் கைக்கு நேரா இருக்கு. நான் அளவு குடுக்காம இது எப்படி வந்துச்சு? நாந்தான் கட்டச் சொன்னேன். அன்னைக்கு அவரு மூஞ்சிக்கு நேரா பொய் சொன்னேன். தம்பி, நீயும் கேட்டுக்கோ."

குமரவேல் கம்பியை விட்டுவிட்டு வெளியே போனார். அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை, ஆனால் பணத்தை மேசைமேல் வைத்தார்.

மேலப்பாளையத்துக்கு அவளே கொண்டுபோனாள். "தப்பு பண்ணிட்டேன் அண்ணாச்சி," என்றாள்.

"இருக்கட்டும்மா." அசன் மைதீன் பணத்தை வாங்கி உள்ளே வைத்தார். பிறகு ஒரு தாளை எடுத்தார். "கிடைச்சுதுன்னு எழுதித் தந்துருதேன்."

நமக்குள்ள என்ன எழுத்து என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்ல அவளுக்கு வாய் ஏது?

அவர் பைய எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். "படிச்சுப் பாத்து வாங்கிக்கிடுங்கம்மா."

அவள் தலையை நிமிர்த்தாமல், நின்ற இடத்திலேயே ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.