நாற்பத்தொன்றாம் பக்கத்து வரி

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரே ஒரு வரியிலிருந்து வந்தது. அந்த வரியைச் சொன்னவள் பதினேழு வயதுப் பெண். ஆனால் பத்துப் பேர் உட்கார்ந்திருந்த ஓர் அறையில் எழுந்து நின்று, அதை எழுதியது நான்தான் என்று நான் சொன்னேன்.

முதலில் இப்படித்தான் ஆரம்பித்திருந்தேன்: ‘மழை பெய்து ஓய்ந்திருந்த ஒரு காலையில், கல்வித் துறை அலுவலகத்தின் மூன்றாவது மாடியில்’. அன்று மழை பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது ஆரம்பம்: ‘உண்மைக்குப் பல முகங்கள் உண்டு என்பதை நான்’. இதையும் அடித்துவிட்டேன். இந்தக் கதையில் உண்மைக்கு ஒரு முகம்தான் இருந்தது. அதைத்தான் நான் மறைத்தேன்.

2.

நான் கொள்கை ஆய்வாளர். அப்படியென்றால் என்ன வேலை என்று உறவுக்காரர்கள் கேட்டால், “பள்ளிக்கூடங்கள்ல என்ன நடக்குதுன்னு பார்த்து, என்ன நடக்கணும்னு அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்கிறது” என்பேன். “அதை யாரும்மா படிப்பாங்க?” என்பாள் என் மகள். வீட்டுக்கு வீடு வாசற்படி. எங்கள் வீட்டு வாசற்படி அந்தக் கேள்விதான். அவளிடம் நான் சொல்லாதது, இந்த முறை படித்தார்கள் என்பதை.

ஒரு பள்ளி. பொதுத்தேர்வில் ஆண்டுதோறும் தொண்ணூற்றெட்டு சதவீதத் தேர்ச்சி. ஆனால் ஆண்டின் தொடக்கத்தில் வருகைப் பதிவேட்டில் இருந்த பெயர்களில் ஐந்தில் ஒன்று தேர்வுக்கு முன்பே காணாமல் போயிருந்தது. எதிரே எழுதியிருந்த காரணம்: ‘சொந்த விருப்பத்தின் பேரில் விலகல்.’ இத்தனை பேருக்கு ஒரே மாதத்தில் எப்படி ஒரே விருப்பம் வந்தது?

நான் போய்க் கேட்டால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அதனால் அந்தத் தெருக்களிலேயே வளர்ந்து அந்தப் பள்ளியிலேயே படித்த இளைஞர்கள் ஆறு பேரை ஆய்வில் சேர்த்துக்கொண்டோம். கேள்விகளை எழுதியது அவர்கள். வீடு வீடாகப் போய் உட்கார்ந்து கேட்டது அவர்கள். பதில்களைப் பிரித்து அடுக்கும்போதும் மேசையைச் சுற்றி எங்களோடு இருந்தார்கள். அவர்களில் மூத்தவளுக்கு இருபது வயது. குழுவில் எல்லோரும் அவளை ‘ஏன்’ என்று கூப்பிட்டார்கள். எதைச் சொன்னாலும் அதையே கேட்பாள். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

மாணவர்கள் பன்னிரண்டு பேர் பேசினார்கள். சொன்னது ஒன்றுதான். தோற்றுப்போவார்கள் என்று தோன்றுகிறவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, தாங்களே விலகுவதாகக் கடிதம் எழுதி வாங்குகிறார்கள். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி மட்டும் எழுதித் தர மறுத்து இன்னும் பள்ளியில் இருந்தாள். காலைக் கூட்டத்தில் ஒலிபெருக்கி முன்னால் நின்று பள்ளி முழுவதற்கும் செய்தி வாசிப்பவள் அவள். ‘ஏன்’னிடம் அவள் சொன்னது இது:

“தினமும் எல்லாருக்கும் செய்தி வாசிக்கிறது நான்தான். என்னை அனுப்பப் போறாங்கங்கிற செய்தி மட்டும் எனக்குக் கடைசியாத்தான் வந்துச்சு.”

(அவள் உண்மையில் செய்தி வாசிப்பவள் அல்ல. வேறொன்று செய்பவள். அவள் சம்மதத்தோடு வேலையையும் வரியையும் மாற்றியிருக்கிறேன். அசல் வரி இதைவிட நன்றாக இருந்தது. இனி இந்தக் கதையில் அவளைச் ‘செய்தி’ என்றே சொல்கிறேன்.)

3.

வரைவு அறிக்கையின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அந்த வரியைத் தனியாகக் கட்டம் கட்டிப் போட்டேன். ‘ஏன்’ பக்கத்தைப் பார்த்ததுமே விரலை வைத்தாள்.

“அக்கா, இது வேணாம்.”

“ஏன்?” இந்த முறை கேட்டது நான்.

“செய்தி வாசிக்கிறது ஒருத்திதான். படிச்ச உடனே யாருன்னு தெரிஞ்சுடும்.”

“பேரே இல்லையேம்மா. இது வரைவுதான். துறைக்குள்ள நாலு பேர் பார்ப்பாங்க, அவ்வளவுதான்.”

“பேர் வராதுன்னு நான் அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்.”

“பேர் வரலையே!”

அவள் விரலை எடுத்துக்கொண்டாள். இருபது ஆண்டு அனுபவத்துக்கு முன்னால் இருபது வயது என்ன செய்யும்?

நான் அந்த வரியை விட்டுவைத்ததற்குக் காரணம், பாதிக்கப்பட்டவர்களின் குரல் அதிகாரத்தின் காதில் நேரடியாக விழ வேண்டும் என்கிற

இல்லை. வரி நன்றாக இருந்தது. அதை விட மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

4.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு ‘ஏன்’ தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“கண்டுபிடிச்சுட்டாங்க அக்கா.”

துறை, வரைவைக் கருத்துக் கேட்டு அந்தப் பள்ளிக்கே அனுப்பியிருந்தது. தலைமையாசிரியை செய்தியை அறைக்குக் கூப்பிட்டு, சிவப்பு மையால் கோடிட்ட நாற்பத்தொன்றாம் பக்கத்தைக் காட்டியிருக்கிறார். திட்டவில்லை. உட்காரச் சொல்லியிருக்கிறார், தண்ணீர்கூடக் கொடுத்திருக்கிறார். ‘நான் இப்படிச் சொல்லவில்லை, ஆய்வுக்காரர்கள் இட்டுக்கட்டியது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார். வியாழக்கிழமை ஹால் டிக்கெட் கொடுக்கிறார்கள். அதே வியாழன் காலை பத்து மணிக்கு எங்கள் அறிக்கையைப் பற்றிப் பேசத் துறையின் குழு கூடுகிறது.

அவள் எழுதிக் கொடுத்தால் அறிக்கை முழுவதும் பொய் என்றாகிவிடும். கொடுக்காவிட்டால் அவளுக்குத் தேர்வு இல்லை. மூன்று நாள் இருந்தது.

5.

செய்தியின் அம்மா துணி தேய்க்கும் கடை வைத்திருந்தார். கடையின் பின்னறைதான் வீடு. நானும் ‘ஏன்’னும் போனபோது அவர் தேய்ப்புப் பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

“நீங்கதான் அந்த அம்மாவா?”

“ஆமாங்க.”

“எம் பொண்ணு சொன்னதை நீங்க ஏங்க எழுதுனீங்க?”

“எழுதத்தாங்க அவகிட்ட கேட்டோம்...”

“கேட்டீங்க. பேர் வராதுன்னீங்க. பேர் வரல. ஆளையே கொண்டுவந்து நிறுத்திட்டீங்க.” சட்டைக் கையைத் திருப்பிப் போட்டு அழுத்தினார். “எழுதிட்டு நீங்க போயிடுவீங்க. இந்தத் தெருவுல இருக்கப் போறது நாங்க.”

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் என்னிடம்தான் இருந்தன. தண்டனை மட்டும் வேறிடத்தில் இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அந்த அறையின் வெப்பத்தில் அது ஆவியாகிப் போனது.

செய்தி சுவரோரம் கணக்குப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிமிரவே இல்லை.

“எழுதிக் குடுத்துடுடி,” என்றார் அம்மா. “ஒரு காகிதம்தானே. உனக்குப் பரீட்சைதான் முக்கியம்.”

“பார்க்கலாம்மா.”

“என்னத்தப் பார்க்குறது?”

“வியாழக்கிழமை வரைக்கும் பார்க்கலாம்.”

(இந்த இடத்தில் அவள் கண்ணில் ஓர் உறுதி தெரிந்தது என்று எழுதியிருந்தேன். கண்ணை நான் பார்க்கவேயில்லை. அவள் தலை வகிடுதான் தெரிந்தது.)

6.

எங்கள் இயக்குநர் நல்லவர். பதற்றமான நேரத்தில் தாழ்ந்த குரலில் பேசுவார்.

“அந்தப் பொண்ணு எழுதிக் கொடுக்கட்டும். நாம மத்த பதினோரு பேரை வச்சு நிப்போம்.”

“ஒருத்தி பொய்னு எழுதிக் கொடுத்தா மத்தவங்களை யார் மேடம் நம்புவா?”

“அப்ப அவளை எழுத வேணாம்னு சொல்லப் போறியா?”

தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். செவ்வாயும் புதனும் இப்படியே போயின. தலைமையாசிரியையிடம் பேச இரண்டு முறை முயன்றேன். ‘எதுவானாலும் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம்’ என்று அலுவலக உதவியாளர் மூலம் பதில் வந்தது.

7.

வியாழக்கிழமையை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

அ) நான் பதிவேடுகளை மேசைமேல் விரித்து, புள்ளிவிவரம் புள்ளிவிவரமாக அடுக்கி, தலைமையாசிரியையின் வாயை அடைக்கிறேன். குழு திகைத்துப்போகிறது. (எழுதும்போது சுகமாக இருந்தது. அதனாலேயே அடித்துவிட்டேன்.)

ஆ) தலைமையாசிரியை கொடுமைக்காரர். மேசையைத் தட்டிக் கத்துகிறார். (அவர் ஒரு முறைகூடக் குரலை உயர்த்தவில்லை. போன ஆண்டு தேர்ச்சி குறைந்ததற்காக வேறொரு பள்ளியின் தலைமையாசிரியரை மலைப்பகுதிக்கு மாற்றினார்கள். அந்தப் பயம் இவருக்கும் இருந்திருக்கும்.)

இ) நடந்தது.

மூன்றாவது மாடி. நீள மேசை. பத்துப் பேர். குழுத் தலைவர் நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டார்: “இந்த மாணவி இப்படிச் சொன்னது உண்மையா?”

“அவளையே கேட்டுடலாம் சார்,” என்றார் தலைமையாசிரியை. “அம்மாவோட வெளியில உட்கார்ந்திருக்கா. நான்தான் கூட்டிட்டு வந்தேன். ஹால் டிக்கெட்டும் இங்கேயே இருக்கு, கையோட கொடுத்துடலாம்.”

அவர் முன்னால் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. அதற்குள் செய்தியின் புகைப்படம் ஒட்டிய தாள்.

“வரச் சொல்லுங்க,” என்றார் தலைவர்.

துறை உதவியாளர் ஒருவர் கதவுப் பக்கம் நடந்தார். பத்தடி இருக்கும். அந்தப் பத்தடியில் எனக்குத் தெரிந்தது இரண்டே வழி. அவள் உள்ளே வந்து இல்லை என்று சொல்வாள். வாழ்நாள் முழுக்க அதைச் சுமப்பாள். அல்லது ஆமாம் என்பாள். அந்த உறை திரும்பப் பைக்குள் போய்விடும். உதவியாளர் கைப்பிடியில் கை வைத்தார்.

“வேண்டாம் சார்,” என்று எழுந்தேன். “அதை எந்த மாணவியும் சொல்லலை. நான் எழுதினது.”

தலைவர் பக்கத்திலிருந்து தலை நிமிர்ந்தார்.

“நீங்க எழுதினதுன்னா?”

“கற்பனை சார். படிக்க நல்லா இருக்கும்னு சேர்த்தேன்.”

என் பக்கத்தில் இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். சுவரோர நாற்காலியிலிருந்து ‘ஏன்’ என்னைப் பார்த்தாள். தலைவர் பேனாவை எடுத்தார்.

“அப்ப மத்த பதினோரு பேர் சொன்னது?”

“அது அவங்க சொன்னதுதான் சார்.”

“அதை எப்படிம்மா நாங்க நம்பறது?”

நுணலும் தன் வாயால் கெடும். நாற்பதிலிருந்து ஐம்பத்தெட்டு வரை ஒவ்வொரு பக்கத்திலும் அவர் நிதானமாகக் குறுக்கே கோடு போட்டார். பத்தொன்பது பக்கம். பதிவேட்டு எண்கள் மட்டும் தப்பின. ‘மேலும் ஆராயப்பட வேண்டும்’ என்ற குறிப்போடு.

வெளியே, மின்தூக்கிக்குப் பக்கத்தில், தலைமையாசிரியை உறையை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கினார். செய்தி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

8.

படிக்கட்டில் ‘ஏன்’ என்னை நிறுத்தினாள்.

“அவளுக்காகப் பொய் சொன்னீங்க. சரி. மத்த பதினோரு பேர்கிட்டயும் போய் உட்கார்ந்தது யாரு? ‘நீ சொல்றது அப்படியே போகும்’னு சொன்னது யாரு? நான்! இப்ப அவங்க முகத்துல நான் எப்படிக்கா முழிப்பேன்?”

“வேற என்னம்மா செய்றது?”

“அதை மேசையில கேட்டிருக்கணும். வரிய எடுங்கன்னு நான் சொன்னப்ப.”

அதன்பிறகு அவள் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை, கூப்பிடவே இல்லை. இளைஞர் குழுவைக் கலைத்தார்கள். என்னைக் களப்பணியிலிருந்து எடுத்து, பழைய அறிக்கைகளுக்கு அட்டவணை தயாரிக்க இரண்டாவது மாடி நூலகத்தில் உட்காரவைத்தார்கள்.

கதை இங்கே முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஒருத்தியைக் காப்பாற்றிப் பதினோரு பேரை இழந்த கதை. சோகமாக, கொஞ்சம் பெருமையாகவும். என் மகளிடம் இப்படித்தான் சொன்னேன். “நீ பண்ணதுதாம்மா சரி,” என்றாள். நானும் ஏறக்குறைய நம்பிவிட்டேன்.

9.

கடைசித் தேர்வு முடிந்த அன்று மதியம் செய்தி நூலகத்துக்கு வந்தாள். கையில் பரீட்சை அட்டை. விரலில் மை.

“நான் உள்ள வந்து சொல்லத்தான் இருந்தேன்,” என்றாள். உட்காரக்கூட இல்லை.

“என்னன்னு?”

“ஆமாம்னு. நான்தான் சொன்னேன்னு. அம்மாகிட்டயும் சொல்லிட்டுத்தான் வந்தேன். அம்மா அழுதுட்டு, சரி போன்னாங்க. நாங்க எல்லாத்துக்கும் தயாராத்தான் வெளிய உட்கார்ந்திருந்தோம்.”

“ஹால் டிக்கெட் போயிருக்கும்மா.”

“அது எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்துல எல்லாரும் இப்ப என்ன சொல்றாங்க தெரியுமா? யாரும் யாரையும் அனுப்பலையாம். எல்லாம் ஒரு மேடம் எழுதுன கதையாம்.” மூச்சு வாங்கினாள். “அது என் வரி. நீங்க எழுதினதுன்னு எப்படிச் சொல்லலாம்?”

என்னிடம் நியாயங்கள் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எதுவும் அவளிடம் நீட்டும்படி இல்லை.

“எனக்காக பயந்தீங்களா, உங்க மேல பழி வந்துடும்னு பயந்தீங்களா?”

(இதற்கு நான் சொன்ன பதிலை மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடித்தேன். உண்மையில் நான் பதிலே சொல்லவில்லை.)

குழுத் தலைவருக்குக் கடிதம் எழுதச் சொன்னாள். எழுதினேன். ‘கூட்டத்தில் நான் கூறியது பொய். அந்த வரி ஒரு மாணவி கூறியது.’

“என் பேரைப் போடுங்க.”

“ரிசல்ட் வர மூணு வாரம் இருக்கு. சான்றிதழ் இன்னும் அவங்க கையிலதான்.”

“போடுங்க.”

போட்டேன். கையெழுத்திட்டேன். தேதி எழுதப் போனபோது அட்டையால் மறித்தாள்.

“தேதிய நான் போட்டுக்கிறேன்.”

கடிதத்தை இருமுறை படித்தாள். ஓர் எழுத்துப் பிழையைக் காட்டினாள், திருத்தினேன். மடித்து அட்டையின் கிளிப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. அவளைக் கேட்காமல் அவளுக்காக ஒரு முடிவு எழுதிப் பார்த்தாயிற்று. அவள் படியிறங்கும் சத்தம் கீழ்த்தளம் வரை கேட்டது, அப்புறம் நின்றது. வாசலுக்குப் பக்கத்தில் தபால் பெட்டி இருக்கிறது. இந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். நான் எழுந்து போகவில்லை. நீங்கள் போவதென்றால் போங்கள். பார்த்ததை என்னிடம் சொல்ல வேண்டாம்.